மெழுகுக் கப்பல்களின் ஊர்

கிளாஸ்கோ நகரத்தில் ரயில் ஏறி மேற்கு முகமாகப் போகிறவர்கள் இடப்புறத்து ஜன்னலோரத்தில் இடம் பிடித்துக்கொள்வது நல்லது. முதல் இருபது நிமிஷம் வரையில் வீடுகளின் கொல்லைப்புறங்களையும், மழையில் கறுத்த கற்சுவர்களையும், துணி உலர்த்தும் கொடிகளையும் தவிரக் காண்பதற்கு ஒன்றும் இல்லை. அதற்குப் பின் அந்தச் சுவர்களெல்லாம் யாரோ கை வைத்து விலக்கினாற்போல் விலகிப்போக, ஆறு என்று சொல்லவும் மனம் வராமல் கடல் என்று சொல்லவும் துணிவு வராமல், ஈயத்தை உருக்கி ஊற்றியதுபோல் கிளைடு நதி அகன்று கிடக்கிறது. நீர் வற்றிய வேளையானால் கரையோரமெங்கும் சேறு மின்னும். அந்தச் சமதரையிலிருந்து ஒரு முகாந்தரமும் இல்லாமல் முளைத்ததுபோல், இரட்டைத் தலையுடைய கரிய பாறை ஒன்று சற்றுத் தூரத்தில் எழும்பி நிற்கும். அதுதான் டம்பார்ட்டன் பாறை. அதன் காலடியில், லெவன் என்னும் சிற்றாறு கிளைடில் வந்து விழும் இடத்தில், ஏறக்குறைய 120 வருஷ காலம் ஒரே குடும்பத்தார் கப்பல் கட்டினார்கள். அவர்கள் இருந்த இடத்தைக் கண்ணால் ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்றுதான் நான் அன்று ரயில் ஏறினேன்.

கப்பல் என்றால் எங்கள் வீட்டில் ரங்கூன் கப்பல்தான். என் பாட்டனார் வாலிப வயதில் ஒரு செட்டியார் கடையில் கணக்கெழுதும் உத்தியோகத்துக்காகப் பர்மாவுக்குச் சென்று, ஐராவதியின் கழிமுகத்துச் சீமையில் ஏழெட்டு வருஷம் கழித்துவிட்டுத் திரும்பியவர். பகோடாக்களைப் பற்றியோ நெல் வயல்களைப் பற்றியோ அவர் அதிகம் பேசினதாக எனக்கு ஞாபகமில்லை. ஆனால் அந்த மகாநதியில் ஓடிய நீராவிக் கப்பல்களைப் பற்றி ஆரம்பித்தாரானால், மேல்தட்டில் துரைமார்கள் சாய்வு நாற்காலியில் கிடப்பதையும், கீழ்த்தட்டில் கோழிக் கூடைகளுக்கும் துணி மூட்டைகளுக்கும் கருவாட்டுச் சிப்பங்களுக்கும் நடுவே ஒரு முழுச் சந்தையே மிதந்து செல்வதையும், துறை இல்லாத கிராமங்களில் ஒற்றைப் பலகையைப் போட்டு ஆட்களை இறக்குவதையும், கேட்பவர்களுக்குச் சலிக்கும் வரையில் வர்ணித்துக்கொண்டே போவார். அந்தக் கப்பல்களை நடத்தியது ஐராவதி புளோட்டிலா கம்பெனி என்பதும், அந்தக் கம்பெனியில் பங்கு வைத்திருந்ததோடு அதற்கு வேண்டிய கப்பல்களையும் கட்டிக் கொடுத்தவர் டம்பார்ட்டனில் இருந்த பீட்டர் டென்னி என்பதும், பாட்டனார் காலமாகிப் பல வருஷங்களுக்குப் பின்பே எனக்குத் தெரியவந்தன. டம்பார்ட்டனில் பெரும்பாலும் ஒரு முறை சேர்த்துப் பார்த்து, பிறகு கழற்றி, உறுப்புக்களுக்கெல்லாம் இலக்கமிட்டு, வேறு கப்பலில் ஏற்றி அனுப்பி, ரங்கூனுக்கு எதிர்க்கரையான தல்லாவில் மறுபடியும் பூட்டி ஆற்றில் விடுவார்களாம். பர்மாத் தேக்கு செட்டிநாட்டு வீடுகளுக்குத் தூணாகவும் உத்திரமாகவும் வந்துகொண்டிருந்த அதே காலத்தில், ஸ்காட்லாந்துக் கப்பல்கள் இப்படிப் பொட்டலம் பொட்டலமாக ஐராவதிக்குப் போய்க்கொண்டிருந்தன.

டம்பார்ட்டன் இன்று பெரிய ஊர் அன்று. ரயிலடியில் இறங்கிக் கடைத்தெருவுக்குப் போகும்போது, முதுகில் கோட்டையைச் சுமந்து நிற்கும் ஒரு யானையின் உருவம் அங்கங்கே கண்ணில் படுகிறது. யானையைக் கனவிலும் கண்டிராத சீதள தேசத்தில் இது எப்படி ஊர்ச் சின்னமாயிற்று என்று விசாரித்ததில், பாறையின் உருவம் யானையை ஒத்திருப்பதால் என்றார்கள். மதுரைக்கருகே யானைமலையைப் பார்த்து வளர்ந்த என் கண்ணுக்கு அந்த உவமை பொருந்தவில்லை. இரண்டு திமிலுள்ள ஒட்டகம் என்றால் ஒப்புக்கொண்டிருப்பேன். ஏ. ஜே. குரோனின் தம்முடைய முதல் நாவலில் லெவன்போர்டு என்று பெயர் மாற்றி எழுதிய ஊர் இதுதான் என்பதை அறிந்தவர்களுக்கு, இந்தத் தெருக்களில் நடக்கும்போது கொஞ்சம் குளிர் அதிகமாகவே தெரியும்.

முதலில் பாறைமேல் ஏறினேன். 557 படிகள். பிரிட்டன்கள் என்ற பழங்குடியினர் தலைநகராகக் கொண்டிருந்த இடம். டம்பார்ட்டன் என்ற பெயருக்கே பிரிட்டன்களின் கோட்டை என்றுதான் பொருள். 870-இல் வைக்கிங்குகள் முற்றுகையிட்டுக் கொள்ளையடித்ததும் இங்கேதான். சரித்திரப் பிரியர்கள் அந்த நினைவுகளோடு நின்றுவிடுவார்கள். நான் ஏறியது வேறொன்றைப் பார்க்க. உச்சியிலிருந்து கீழே நோக்கினால், லோமண்டு ஏரியில் பிறந்து வரும் லெவன் ஆறு, கடைசி மைலில் அவசரமில்லாமல் வளைந்து, பாறையின் ஓரமாக நெளிந்து கிளைடில் கலப்பது படம் வரைந்தாற்போல் தெரிகிறது. அது எவ்வளவு ஒடுக்கமான ஆறு! கொள்ளிடத்தையோ காவிரியையோ மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் வாய்க்கால் என்றே சொல்லத் தோன்றும். இந்த வாய்க்காலுக்குள்தான், கடலைக் கடக்கும் கப்பல்களை வாலை முன்னிட்டு வழுக்கி இறக்கி, எதிர்க்கரையில் போய் மோதாதபடி பாரமான சங்கிலிக் குவியல்களால் இழுத்துப் பிடித்து நிறுத்தினார்கள். ஆற்றின் அகலமே கப்பலின் அளவுக்கு வரம்பு விதித்தது. கிளைடில் வேறு பட்டறைகள் மலைபோன்ற கப்பல்களைக் கட்டி உலகத்தை வாய்பிளக்கச் செய்த காலத்திலும், டென்னிகள் நடுத்தர அளவுள்ள, வேகமும் நேர்த்தியும் பொருந்திய கப்பல்களிலேயே தங்கள் கைத்திறமையைக் காட்டியதற்கு முதற் காரணம் குணம் அன்று, இந்த ஆறுதான் என்று எனக்குப் பட்டது. இரண்டாவது காரணம் குணந்தான்.

மூலபுருஷர் வில்லியம் டென்னி என்ற ஓடாவி. 1814-இல் அவர் இங்கே கட்டிய 'மார்ஜரி' என்னும் சிறிய கப்பல்தான் மறுவருஷம் தேம்ஸ் நதியில் ஓடிய முதல் நீராவிக் கப்பலாகப் பெயர் பெற்றது. 1818-இல் அவர் கட்டிய 'ராப் ராய்' திறந்த கடலைத் தாண்டி அயர்லாந்துக்கு ஒழுங்காகப் போய்வரத் தொடங்கியது. இவ்வளவு செய்தும் அவர் பெருந்தனம் எதையும் விட்டுப்போகவில்லை, பிள்ளைகளை விட்டுப்போனார். அவர்களில் வில்லியம், அலெக்சாந்தர், பீட்டர் என்ற மூவர் 1844-இல் டென்னி சகோதரர்கள் என்ற பெயரில் தொழில் ஆரம்பித்தார்கள். பிறகு வேறு சகோதரர்களும் சேர்ந்துகொண்டார்கள். 1849-இல் ஸ்தாபனத்தின் பெயர் வில்லியம் டென்னி அண்டு பிரதர்ஸ் ஆயிற்று. மறுவருஷம் துல்லக் என்ற இயந்திர நிபுணரோடு கூட்டுச் சேர்ந்து கப்பலுக்கு வேண்டிய இயந்திரங்களையும் இங்கேயே வார்த்துக்கொள்ள வழிசெய்தார்கள். கப்பல் சாஸ்திரம் கற்ற மூத்தவர் வில்லியம் 1854-இல் இறந்துபோகவே, பொறுப்பெல்லாம் கடைசியில் பீட்டர் தலையில் வந்து விடிந்தது.

பீட்டரின் உருவச்சிலை நகரசபைக் கட்டடத்தின் முன் நிற்கிறது. ஓடாவியின் மகனானாலும் அவருடைய கை உளியைவிடப் பேரேட்டையே அதிகம் அறிந்தது. யாருக்குக் கப்பல் வேண்டும், எப்போது வேண்டும், அவரிடம் பணம் இல்லையானால் எவ்வளவைப் பங்காகப் பெற்றுக்கொண்டு கட்டிக்கொடுக்கலாம் என்ற கணக்கில் அவருக்கு நிகரில்லை. கப்பல் வாங்கும் கம்பெனியில் தாமும் பங்குதாரராகிவிட்டால், அடுத்த கப்பலுக்கு ஆர்டர் வெளியே போகாது அல்லவா? பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை நடத்திய வில்லியம் மாக்கின்னனோடு அவருக்கு இருந்த சிநேகத்தின் பலனாக, வங்காளக் குடாக்கடலில் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் தமிழர்களைக் கீழ்த்திசைக்கு ஏற்றிச்சென்ற அந்தக் கம்பெனியின் கப்பல்களில் எத்தனையோ இந்த லெவன் ஆற்றில் முதன்முதலாக நனைந்தவை. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டபோது, அடிமை வைத்திருந்த தென் மாகாணங்களின் துறைமுகங்களுக்கு முற்றுகையை மீறி ஓடிச் சரக்கு இறக்கும் வேகக் கப்பல்களைக் கட்டியதிலும் அவர் கைக்குப் பணம் வந்தது. 'மெம்பிஸ்' அப்படிப்பட்டதொன்று. ஆலயத்துக்கும் கல்விக்கும் அள்ளிக் கொடுத்த பக்திமானுக்கு இது உறுத்தவில்லையா என்று சிலையைப் பார்த்துக் கேட்கத் தோன்றியது. விக்டோரியா காலத்துப் பெருந்தனக்காரர்களின் பேரேட்டில் அந்த வகைச் செலவுக்குத் தனித் தலைப்புக் கிடையாது.

1869-இல் நடந்த ஒரு விவகாரத்தைச் சொல்லாமல் போகமுடியாது. லண்டனில் 'வெள்ளைத் தொப்பிக் கிழவர்' என்று பெயர்பெற்ற ஜான் வில்லிஸ் என்ற கப்பல் சொந்தக்காரர், சீனத்துத் தேயிலையை எவரையும் முந்திக் கொண்டுவரக்கூடிய பாய்மரக் கப்பல் ஒன்று வேண்டுமென்று, டம்பார்ட்டனில் புதிதாய்த் தொழில் தொடங்கிய ஸ்காட், லிண்டன் என்ற இரு இளைஞர்களிடம் டன்னுக்கு 17 பவுன் வீதம் பேசி முடித்தார். விலையோ குறைவு, நிபந்தனையோ கடுமை. பலகை ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துத் தள்ளும் மேற்பார்வைக்காரர் வேறு. கப்பல் முடியுமுன்பே இளைஞர்களின் கை வறண்டு கம்பெனி முழுகிப்போயிற்று. மிச்ச வேலையை டென்னிகள் ஏற்று முடித்துக் கொடுத்தார்கள். அந்தக் கப்பல்தான் 'கட்டி சார்க்'. இன்று லண்டனைச் சேர்ந்த கிரீனிச்சில் கண்ணாடிக்கு மேலே நிறுத்திவைத்திருக்கிறார்களே, அதுவே. அது நீரில் இறங்கியது நவம்பர் 22-ஆம் தேதி. சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது அதற்கு ஐந்து நாள் முன்பு. காற்றை நம்பிய கப்பல்களுக்குக் கால்வாயும் செங்கடலும் உதவமாட்டா. நீராவிக் கப்பல்களுக்கோ அது வீட்டுவாசல் வழியாயிற்று. பாய்மரத்தின் கடைசி அற்புதத்தை முடித்துக்கொடுத்த அதே கைகள், அதனைத் தொழிலிழக்கச் செய்த நீராவிக் கப்பல்களைப் பக்கத்துத் தளத்திலேயே வரிசையாகக் கட்டிக்கொண்டிருந்தன. அந்த ஒப்பந்தத்தில் நொடித்துப்போன இரண்டு இளைஞர்களின் நினைவுக்கு ஊரில் ஒரு சிலையைத் தேடினேன். நான் நடந்த தெருக்களில் ஒன்றும் தென்படவில்லை.

பாறையை விட்டு இறங்கிப் பாலத்தைக் கடந்து லெவன்குரோவ் பூங்காவுக்குப் போனேன். பீட்டர் டென்னியும், இவ்வூரில் கப்பல் கட்டிய இன்னொரு குடும்பத்தவரான ஜான் மக்மில்லனும் சேர்ந்து வாங்கி 1885-இல் ஊராருக்குக் கொடுத்த பூங்கா இது. நாயை அழைத்துக்கொண்டு உலாவ வந்தவர்களையும் குழந்தை வண்டிகளையும் தாண்டி ஆற்றங்கரைப் பெஞ்சில் உட்கார்ந்தால், எதிர்க்கரையில் பட்டறை இருந்த இடம் கண்ணுக்கு நேரே விரிகிறது. அங்கே இப்போது பெரிய பலசரக்கு அங்காடி ஒன்றும், மோட்டார்கள் நிறுத்தும் மைதானமும், புதுக் குடியிருப்புக்களும் இருக்கின்றன. ஆயிரக்கணக்கானவர்களின் சுத்தியல் ஓசையில் பேச்சே கேட்காது என்று எழுதிவைத்திருக்கிறார்களே, அந்த இடம் இதுவா என்று சந்தேகம் வருகிறது. கடற்பறவைகளின் கூச்சலைத் தவிரச் சத்தமே இல்லை.

இந்தக் குடும்பத்தில் எனக்கு மிகவும் நெருக்கமாகத் தோன்றுகிறவர் பீட்டர் அல்லர். அவருடைய மூத்த மகன், பாட்டனின் பெயரைத் தாங்கிய இளைய வில்லியம். 1847-இல் பிறந்து, பட்டறையில் மற்றத் தொழிலாளரோடு தொழில் பழகி, 21-ஆம் வயதில் பங்காளியானவர். தந்தை பணத்தை அளந்தார் என்றால் மகன் தண்ணீரை அளந்தார். அக்காலத்தில் கப்பலை வெள்ளோட்டம் விடுவதென்றால், கொதிகலன் தாங்குமட்டும் நீராவியை ஏற்றி, அளந்து வைத்த மைல் தூரத்தை முழு வேகத்தில் ஒரு முறை ஓடிக் காட்டி, வாங்குகிறவர் கையைக் குலுக்கிவிட்டு விருந்துக்குப் போய்விடுவார்கள். இளையவர் அது போதாது என்றார். மெதுவாக ஒரு முறை, அதற்கு மேல் ஒரு முறை, இன்னும் மேலே ஒரு முறை என்று படிப்படியாக ஓட்டி, ஒவ்வொரு வேகத்துக்கும் இயந்திரம் எவ்வளவு சக்தியைத் தின்றது என்று எழுதிவைத்தால்தான் கப்பலின் குணம் விளங்கும் என்பது அவர் கட்சி. 1870-களின் நடுவில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காகக் கட்டிய 'மெர்காரா' அப்படிப் பரீட்சிக்கப்பட்டுச் சாஸ்திர உலகத்தில் புகழடைந்தது. குடகு நாட்டு மடிகேரியைத்தான் ஆங்கிலேயர் அப்படி உச்சரித்தார்கள். அந்த மலையூரின் பெயரைத் தாங்கிய கப்பலை வைத்துக்கொண்டு ஸ்காட்லாந்தில் ஓர் இளைஞன் கோடுகள் வரைந்துகொண்டிருந்தான் என்பதை நினைக்க வேடிக்கையாயிருக்கிறது.

இரும்புக்குப் பதிலாக மென்மையான உருக்கைக் கொண்டு கப்பல் கட்டலாம் என்று பலர் பேசிக்கொண்டிருந்தபோது, கட்டியே காட்டியவரும் அவர். 1879-இல் நியூசிலாந்துக்காகக் கட்டிய 'ரோட்டோமஹானா' அவ்வகையில் கடலோடிய முதல் வியாபாரக் கப்பல் எனப்படுகிறது. அது சில காலத்துக்குள் ஒரு பாறையில் மோதியபோது, இரும்பாயிருந்தால் பிளந்திருக்க வேண்டிய தகடுகள் வளைந்துகொடுத்துத் தாங்கினவாம். புதிய உலோகத்துக்கு அதைவிட நல்ல நற்சாட்சிப் பத்திரம் யார் எழுதிக் கொடுக்கமுடியும்?

1880-இல் அவர் செய்த வேறொரு காரியம் எனக்கு உருக்கைவிடப் பெரிதாகப் படுகிறது. பட்டறையில் வேலை செய்யும் எவனாயினும், ஒரு கருவியையோ முறையையோ சீர்திருத்த வழி கண்டால் எழுதிக் கொடுக்கலாம். குழு ஒன்று ஆராய்ந்து, பொருந்துமானால் ரொக்கமாகப் பரிசு கொடுக்கும். துளை போடுகிறவனுக்கும் மரம் இழைக்கிறவனுக்கும் புத்தி என்று ஒன்று உண்டு, அதற்கும் கூலி உண்டு என்று கணக்குப் புஸ்தகத்தில் ஏற்றிய முதலாளிகள் அக்காலத்தில் மிகச் சிலர். வரைபடங்களைப் பிரதியெடுக்கும் வேலைக்குப் பெண்களை அமர்த்தியதும் இந்த ஸ்தாபனந்தான். ஆயினும் அவரைத் தொழிலாளர்களின் தெய்வமாக்கிவிட எனக்குச் சம்மதமில்லை. உருப்படிக் கணக்கில் கூலி கொடுக்கும் முறையை அவர் விடாப்பிடியாக ஆதரித்தார். மனிதனுடைய உழைப்பையும் தண்ணீரின் தடையையும் ஒரே கோலால் அளந்துவிடலாம் என்று அவர் நம்பினார் போலும்.

அவர் கட்டிய பரீட்சைத் தொட்டியைப் பார்க்கப் பிற்பகலில் மறுபடியும் பாலத்தைக் கடந்தேன். காசில் தெருவில், அங்காடிக்குப் பக்கத்திலேயே, சிவந்த பழங்கட்டடம் ஒன்று. வாசலில், 1820-களில் ராபர்ட் நேப்பியர் வார்த்த முதல் கப்பல் இயந்திரம் மழையை வாங்கிக்கொண்டு நிற்கிறது. முகப்பில் வில்லியம் புரூடு என்ற பெரியவரின் முகத்தைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். டார்க்கீ என்ற ஊரில் கடற்படைக்காக 1870-களில் இத்தகைய தொட்டியை அமைத்து, சிறிய உருவத்தை இழுத்துப் பெரிய கப்பலின் குணத்தை அறியும் வித்தையைக் கண்டவர் அவர். அரசாங்கம் செய்ததை ஒரு தனிக் குடும்பம் தன் பணத்தில் செய்யத் துணிந்தது இங்கேதான். 1883-இல் வேலை தொடங்கிய இந்தத் தொட்டி, உலகத்தில் வியாபாரக் கப்பல் பட்டறை ஒன்று தனக்கென அமைத்துக்கொண்ட முதல் பரீட்சைத் தொட்டி. டென்னிகள் போய்விட்டார்கள், தொட்டியைச் சில காலம் விக்கர்ஸ் நிறுவனத்தார் வைத்து நடத்தினார்கள், இப்போது அது ஸ்காட்லாந்துக் கடற்றுறைக் காட்சிசாலையின் கிளையாக இருக்கிறது.

உள்ளே நுழைந்ததும் எனக்கு நினைவு வந்தது, ஆளரவமற்ற கோயில் குளத்தை நீட்டி மேலே கூரை போட்டதுபோன்ற ஒரு தோற்றம். நூறு மீட்டர் நீளத்துக்குக் கறுத்த தண்ணீர், அசைவே இல்லாமல். இரு ஓரங்களிலும் தண்டவாளம்; அதன்மேல் தொட்டியின் அகலத்துக்குக் குறுக்கே ஒரு வண்டி. காட்சிசாலையைச் சுற்றிக்காட்டிய வயோதிகர் ஒருவர், என்னைத் தவிர அன்று வேறு யாரும் வராததனாலோ என்னவோ, மிகுந்த பிரியத்துடன் ஒவ்வொன்றையும் விளக்கினார். களிமண்ணில் அச்சுச் செய்து, அதற்குள் உருக்கிய மெழுகை ஊற்றிக் கப்பலின் உருவத்தை வார்ப்பார்கள். வரைபடத்தின் கோட்டை ஒரு முனை தடவிக்கொண்டே போக, மறுமுனையில் சுழலும் கத்திகள் அதே கோட்டை மெழுகில் வெட்டும் விசித்திர யந்திரம் ஒன்று இன்னும் அங்கே இருக்கிறது. மிச்சத்தைக் கையால் சுரண்டி வழவழப்பாக்குவார்கள். பிறகு வண்டியில் பிணைத்துத் தண்ணீரில் இழுக்கும்போது, எவ்வளவு விசையோடு இழுக்க நேர்ந்தது என்பதை ஒரு கருவி காகிதத்தில் கோடாக வரையும். வேலை முடிந்த மெழுகுக் கப்பலை மறுபடியும் அண்டாவில் போட்டு உருக்கி அடுத்த கப்பலை வார்ப்பார்கள்.

இதில் உள்ள தந்திரம் வேகத்தைப் பற்றியது. 400 அடிக் கப்பலின் உருவத்தை இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கி 16 அடியில் செய்தால், வேகத்தையும் இருபத்தைந்தில் ஒரு பங்காகக் குறைக்கவேண்டும் என்றுதான் நம் புத்தி சொல்லும். அப்படியன்று, இருபத்தைந்தின் வர்க்கமூலமாகிய ஐந்தால் வகுக்கவேண்டும் என்று கண்டவர் புரூடு. பெரிய கப்பல் மணிக்கு 20 கடல் மைல் ஓடும்போது எழுப்பும் அலைகளும், சிறியது 4 கடல் மைல் ஓடும்போது எழுப்பும் அலைகளும் ஒரே சாயலாக இருக்கும். தண்ணீர் உராய்வதனால் வரும் தடையை வேறாகக் கணக்கிட்டுக் கழித்துவிட்டு, அலையினால் வரும் தடையை மட்டும் பெருக்கிக்கொண்டால், ஒரு தகடும் வெட்டுமுன்பே கப்பலுக்கு எவ்வளவு சக்தியுள்ள இயந்திரம் வேண்டும் என்று சொல்லிவிடலாம். இன்ன வேகம் போகாவிட்டால் அபராதம் என்று எழுதிக் கையெழுத்திடும் வியாபாரத்தில் இது எவ்வளவு பெரிய ஆயுதம்! மற்றவர்கள் அனுபவத்தையும் அதிருஷ்டத்தையும் நம்பி விலை சொன்னபோது, டென்னிகள் மெழுகை நம்பி விலை சொன்னார்கள்.

மெழுகு எப்போதும் கைகொடுத்தது என்பதும் இல்லை. இலங்கைத் தேயிலையால் கோடீசுவரரான தாமஸ் லிப்டன், அமெரிக்கர்களிடமிருந்து பந்தயக் கோப்பையைக் கைப்பற்றும் ஆவலில், ஜி. எல். வாட்சன் வரைந்த 'ஷாம்ராக்' என்னும் இரண்டாவது பாய்க்கப்பலை இங்கேதான் கட்டுவித்தார். மெழுகு உருவங்கள் பலவற்றைச் செய்து மாதக்கணக்கில் இந்தத் தொட்டியில் இழுத்துப் பார்த்தார்கள். 1901-இல் அது தோற்றது. எதிரிக்கும் இப்படி ஒரு தொட்டி இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று வாட்சன் கசப்போடு சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. இரண்டு வருஷத்துக்குப் பின் மூன்றாவது 'ஷாம்ராக்' இங்கிருந்தே போய் அதுவும் தோற்றது. 1890-இல் லிப்டன் ஹப்புத்தளைப் பக்கத்தில் வாங்கிய மலைத்தோட்டங்களில், கங்காணியின் அதட்டலுக்கு நடுவே பனியில் நின்று கொழுந்து கிள்ளிய தமிழ்ப் பெண்களின் உழைப்பில் ஒரு துளி, இப்படி மெழுகாகவும் பாயாகவும் மாறி நியூயார்க்குக் கடலில் போய்க் கரைந்தது. தம்பதென்னைத் தோட்டத்துக்குப் போனவர்களுக்கு லிப்டன் உட்கார்ந்து பார்த்த மேட்டைக் காட்டுவார்கள். அவர் என்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதற்கு இந்தத் தொட்டியும் ஒரு விடை.

அந்த 1901-க்குள்ளேயே இளைய வில்லியம் இறந்து பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. தொட்டி முடிந்த சில வருஷங்களில், தென் அமெரிக்காவில் பிளாட்டா நதியில் கப்பல்கள் விடும் ஒரு கம்பெனியில் டென்னிகளின் பணம் பெருவாரியாகச் சிக்கிக்கொள்ள, ஐராவதியில் பலித்தது அங்கேயும் பலிக்கும் என்ற எண்ணம் பொய்த்துக்கொண்டு வர, அவர் 1886-இல் நேரில் போனார். மறுவருஷம் மார்ச் மாதம், புவனஸ் அயர்ஸ் நகரத்தில், உடம்பும் மனமும் சோர்ந்த நிலையில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வயது 39. பீட்டர் அதற்குப் பின்னும் எட்டு வருஷம் உயிரோடிருந்தார். பிள்ளையை அயல்நாட்டுக்குக் கப்பலேற்றி அனுப்பிவிட்டுக் கடிதத்தை எதிர்பார்த்திருக்கும் பெற்றோர்களை நான் எங்கள் ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். கப்பல்களையே சொந்தமாக வைத்திருந்த ஒரு தகப்பன் அந்தச் செய்தியை எப்படி வாங்கிக்கொண்டிருப்பார் என்று அவருடைய சிலை சொல்லவில்லை.

தொழில் நிற்கவில்லை. சொல்லப்போனால் புகழெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது. 1899-இல் கட்ரீன் ஏரிக்காகக் கட்டிய 'சர் வால்டர் ஸ்காட்' கப்பலை ஐராவதிக் கப்பல்களைப் போலவே பூட்டிக் கழற்றி, லோமண்டு ஏரியில் படகுகளில் ஏற்றி, பிறகு குதிரை வண்டிகளில் மலைமேல் இழுத்துக்கொண்டு போனார்கள். 1901-இல் பார்சன்ஸின் சுழலி இயந்திரம் பொருத்திய 'கிங் எட்வர்டு', வியாபார உலகத்தில் அவ்வகையில் முதல் பிரயாணிக் கப்பல், ஐம்பது வருஷம் உழைத்தது. ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் வேகக் கப்பல் என்றால் டென்னி என்று ஆயிற்று. மிசிசிப்பியில் பெயர்பெற்ற 'டெல்டா குவீன்' கப்பலின் உருக்கு உடலும் 1920-களில் இங்கிருந்தே துண்டு துண்டாகக் கலிபோர்னியாவுக்குப் போயிற்று. கப்பலின் இரு பக்கங்களிலும் மீனின் செட்டைபோல் நீட்டி ஆட்டத்தைத் தணிக்கும் கருவியை எடின்பரோவின் பிரவுன் சகோதரர்களோடு சேர்ந்து 1930-களில் செய்தார்கள். ஆகாயத்தில் எழும்பும் ஹெலிகாப்டரைக்கூட விட்டுவைக்கவில்லை. முதல் உலக யுத்தத்துக்கு முன்பே ஆறு விசிறிகளோடு ஒன்றைச் செய்து பார்த்தார்கள். இரண்டாவது யுத்தத்தின்போது இந்தியக் கடற்படைக்காக 'சட்லெஜ்', 'ஜம்னா' என்ற போர்க்கலங்கள் இந்த வாய்க்காலில் இறங்கின.

இந்த வரிசையில் ஒரு பெயரை வயோதிகர் தாமாகச் சொல்லவில்லை. நான் கேட்டபின்பே குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். மோட்டார் வண்டிகள் பின்பக்கத்துக் கதவின் வழியாக நேரே ஏறிக்கொள்ளும்படி அமைத்த 'பிரின்சஸ் விக்டோரியா' என்னும் கப்பல், 1953 ஜனவரி 31-ஆம் தேதி, அயர்லாந்துக்குப் போகும் வழியில் பெரும்புயலில் அந்தக் கதவு உடைந்து தண்ணீர் புகுந்து முழுகிற்று. 130 பேருக்கு மேல் இறந்தார்கள். பெண்களிலும் குழந்தைகளிலும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அலை அடித்தது மெழுகுக் கப்பலின் வடிவத்தில் அன்று, ஒரு கதவின் தாழ்ப்பாளில்.

வீழ்ச்சிக்குக் காரணம் அந்த விபத்து என்று சொல்வது அநியாயம். 1890-களில் உலகத்தில் நீரில் இறங்கிய கப்பல்களில் முக்கால் பங்குக்குமேல் பிரிட்டனில் கட்டப்பட்டவை. 1956-இல் ஜப்பான் முதலிடத்தைப் பிடித்தது. ஆணி அடித்துப் பூட்டும் காலம் போய், பெரும் பெரும் பகுதிகளைக் கொட்டகைக்குள் பற்றவைத்துத் தூக்கி வைக்கும் காலம் வந்தபோது, பாறைக்கும் ஊருக்கும் நடுவே இடுக்கில் அகப்பட்ட பட்டறைக்கு நீளவும் இடமில்லை, அகலவும் இடமில்லை. பழைய வாடிக்கைக்காரர்களும் ஒருவர்பின் ஒருவராக மறைந்தார்கள். 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது, எதிரி கையில் சிக்கக்கூடாதென்று ஐராவதி புளோட்டிலா கம்பெனியார் தங்கள் 600-க்கும் அதிகமான கலங்களில் பெரும் பகுதியைத் தங்கள் கையாலேயே ஓட்டைபோட்டு ஆற்றில் அமிழ்த்தினார்கள். பாட்டனாரின் சந்தை அங்கே முழுகிற்று. பர்மா சுதந்திரம் பெற்றபின் மிச்சமும் அந்நாட்டு அரசாங்கத்தின் உடைமையாயிற்று. முப்பது வருஷம் தலைவராயிருந்த மாரிஸ் டென்னி 1952-இல் விலகினார். சொன்ன விலைக்குள் கட்டி முடிக்கமுடியாமல், நேர்த்தியான கப்பல் ஒவ்வொன்றும் நஷ்டக் கணக்கிலேயே நீரில் இறங்கிற்று. கடைசி முயற்சியாகக் காற்று மெத்தையின்மேல் மிதந்தோடும் புதுவகை வாகனம் ஒன்றைச் செய்து 1963-இல் லண்டனில் தேம்ஸ் நதியில் ஓட்டிக் காட்டினார்கள். மார்ஜரி ஓடிய அதே நதி. அந்த வருஷம் செப்டம்பரில் ஸ்தாபனம் தானாகவே கலைப்புக்குப் போயிற்று. கணக்கில் அதுவரை ஏறியிருந்தவை ஏறக்குறைய 1,500 கப்பல்கள். அவற்றின் வரைபடங்களைக் கிரீனிச் காட்சிசாலை வாங்கிக்கொண்டது; கட்டி சார்க் நிற்கும் இடத்துக்குக் கூப்பிடு தூரம்.

அளந்து பார்க்காமல் ஓர் அடி எடுத்துவைக்காத மனிதர்களாயிற்றே, பின்னே ஏன் இப்படி ஆயிற்று என்று வயோதிகரைக் கேட்டேன். அவர் அதற்குப் பதில் சொல்லாமல், வண்டியில் பிணைத்திருந்த ஓர் உருவத்தைக் காட்டி, ஓட்டிக் காட்டட்டுமா என்றார். வண்டி கடகடவென்று சிறிது தூரம் நகர்ந்தது. மஞ்சளும் வெண்மையும் கலந்த அந்தச் சிறு கப்பல் மூக்கில் இரண்டு கோடுகளை எழுப்பி விரித்துக்கொண்டே போயிற்று; அலைகள் ஓரச் சுவர்களில் மோதித் திரும்பி ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. இன்னொரு முறை பார்க்கலாமா என்று குழந்தைபோல் கேட்டேன். தண்ணீர் அடங்கவேண்டும், கால்மணி நேரமாவது ஆகும், கலங்கிய தண்ணீரில் ஓட்டினால் கணக்குத் தப்பும் என்றார். அங்கே இருந்த மரப்பெஞ்சில் இருவரும் உட்கார்ந்துகொண்டோம். வெளியே அங்காடியின் தள்ளுவண்டிகள் உருளும் சத்தம் கேட்டது. தண்ணீர் அடங்குவதற்காகக் காத்திருந்தோம்.